மாஸ்க் மறைத்த எழுத்துகள்!



உங்களில் சின்னவர்களுக்கு ஞாபகம் இருக்காது. பெரியவர்களுக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கும். கொரோனாவால் 2020 மார்ச்சில் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை படித்த பிள்ளைகள் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் மறுபடியும் வகுப்பறைக்குள் நுழைந்தார்கள். எல்லோர் முகத்திலும் மாஸ்க்! கண்கள் மட்டும்தான் தெரியும். யார் சிரிக்கிறார்கள், யார் உதட்டைப் பிதுக்குகிறார்கள் என்றே கண்டுபிடிக்க முடியாது.

அது நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய கடைசி வருடம். அந்த வருடம் என் பிள்ளைகளுக்கு நான் பாடம் நடத்தினேன். ஆனால், ஒரு நாலாம் வகுப்புச் சிறுமி எனக்கே ஒரு பாடம் நடத்திவிட்டாள். அதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

சொல்வதெழுதுதலில் ஒரு புதிர்

அந்தச் சிறுமி இரண்டாம் வகுப்பிலும் என்னிடம்தான் படித்தாள். முதல் பெஞ்சில், என் மேசைக்கு நேர் எதிரே உட்காருவாள். நான் பேசும்போது வைத்த கண் வாங்காமல் என் முகத்தையே பார்ப்பாள். சொல்வதெழுதுதலில் எப்போதும் பத்துக்குப் பத்து!

பள்ளி திறந்த பிறகு, இடைவெளி விட்டு உட்கார வேண்டும் என்பதால் அவளுக்கு மூன்றாவது வரிசையில் இடம் கிடைத்தது. மாஸ்க் போட்டுக்கொண்டு நான் பத்துச் சொற்கள் சொன்னேன். மாடு, கிளி, படம், எலி, பல், ஆறு, வலை, ஊர், ஏணி, நாய்.

அவள் நோட்டைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. 'மாடு' என்பதற்கு 'நாடு' என்று எழுதியிருந்தாள். 'படம்' என்பது 'தடம்' ஆகியிருந்தது. 'பல்' போய் 'கல்' வந்திருந்தது. 'வலை' வெறும் 'அலை'யாக நின்றது.

"என்னம்மா இது? வீட்டில் சும்மா இருந்து எல்லாம் மறந்துபோச்சா? கவனம் எங்கே இருக்கு?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். பிள்ளைகள் சிலர் சிரித்தார்கள். அவள் ஒன்றும் பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

அடுத்த வாரம் பத்துக்கு ஆறு. அதற்கடுத்த வாரம் ஐந்து. மற்ற பிள்ளைகளும் ஒன்றிரண்டு தப்புச் செய்தார்கள்தான். ஆனால் அவள் அளவுக்கு இல்லை.

ஒரு நாள் சாயங்காலம் அவளுடைய நோட்டை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் புரட்டினேன். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. அவள் கண்டபடி தப்புச் செய்யவில்லை! தப்பான சொற்களில் பெரும்பாலானவை ப, ம, வ என்ற எழுத்துகளில் தொடங்குபவை. அது ஏன்? நீங்களும் யோசித்துக்கொண்டே வாருங்கள். விடைக்கு முன், குரலைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

குரல் பிறக்கும் கதை

உங்கள் தொண்டையில் விரலை வைத்து 'ம்ம்ம்' என்று முனகிப் பாருங்கள். அதிர்கிறது அல்லவா? அங்கே குரல்வளைக்குள் இரண்டு சிறிய மடிப்புகள் இருக்கின்றன. அவற்றைக் குரல் நாண்கள் என்பார்கள். நுரையீரலில் இருந்து வரும் காற்று பட்டு அவை துடிக்கும்போது குரல் பிறக்கிறது. பெரிய ஆண்களுக்கு ஒரு வினாடிக்குச் சுமார் 100 முதல் 125 தடவை துடிக்கும். பெண்களுக்குச் சுமார் 200 தடவை. உங்களைப் போன்ற சிறுவர்களுக்கு இன்னும் அதிகம். அதனால்தான் உங்கள் குரல் கீச்சென்று இருக்கிறது!

ஆனால், தொண்டையில் பிறப்பது வெறும் சத்தம்தான். அதை எழுத்தாக மாற்றுவது நாக்கு, பல், அண்ணம், உதடு ஆகியவற்றின் வேலை. வாயை நன்றாகத் திறந்தால் 'ஆ'. உதட்டைக் குவித்தால் 'ஊ'.

எந்த எழுத்து எங்கே பிறக்கிறது என்பதை நம் தொல்காப்பியம் அந்தக் காலத்திலேயே விளக்கியிருக்கிறது. பிறப்பியல் என்று அதில் ஒரு பகுதியே உண்டு. இரண்டு உதடுகளும் சேர்ந்தால் ப, ம பிறக்கும். மேல்பல்லும் கீழுதடும் சேர்ந்தால் வ பிறக்கும் என்று அது சொல்கிறது. கண்ணாடி முன் நின்று சொல்லிப் பாருங்கள். அப்படியே இருக்கும்!

இப்போது 'க' சொல்லிப் பாருங்கள். நாக்கின் பின்பக்கம் மேலே போய் ஒட்டுகிறது. அது வெளியே தெரிகிறதா? தெரியாது. 'ப', 'ம', 'வ' மூன்றும் உதட்டில் தெரியும். 'க' வாய்க்குள்ளே ஒளிந்துகொள்ளும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாஸ்க் எதைத் திருடுகிறது?

பக்கத்துத் தெருவில் கல்யாணம். ஒலிபெருக்கியில் பாட்டு ஓடுகிறது. நீங்கள் கதவையும் சன்னலையும் சாத்துகிறீர்கள். இப்போது என்ன கேட்கும்? 'டும் டும்' என்ற மேளச் சத்தம் கேட்கும். பாட்டின் சொற்கள் மட்டும் புரியாது. மாஸ்க்கும் ஏறக்குறைய இந்த வேலையைத்தான் செய்கிறது.

ஒலி என்பது காற்றின் அதிர்வு. மெதுவான அதிர்வு வரும்போது மாஸ்க் துணியும் அதோடு சேர்ந்து அசைந்து, ஒலியை அந்தப் பக்கம் அனுப்பிவிடும். ஆனால் வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை அதிரும் ஒலி வந்தால், துணியால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்து அசைய முடியாது. ஊஞ்சலை மெதுவாக ஆட்டுவது எளிது. படபடவென்று ஆட்டிப் பாருங்கள், கை வலிக்கும். அதுபோலத்தான்.

இதை 2020-இல் அளந்தே பார்த்தார்கள். டாக்டர்கள் போடும் சாதாரண சர்ஜிக்கல் மாஸ்க், வினாடிக்கு 2,000 முதல் 7,000 அதிர்வு வரையுள்ள ஒலிகளை 3 அல்லது 4 டெசிபல் குறைத்தது. கெட்டியான என்-95 மாஸ்க் ஏறக்குறைய 12 டெசிபல் வரை குறைத்தது. டெசிபல் என்பது ஒலியின் அளவு. 10 டெசிபல் குறைந்தாலே சத்தம் பாதியாகிவிட்டது போல நம் காதுக்குத் தோன்றும்.

சரி, அந்த உயர்ந்த அதிர்வுகளில் அப்படி என்ன இருக்கிறது? 'அ, ஆ, உ, ஊ' போன்ற உயிரெழுத்துகளின் பலம் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வுகளில் இருக்கிறது. மாஸ்க் அவற்றை அதிகம் தொடுவதில்லை. ஆனால் 'ஸ்' என்ற சீறல், ப, த, க தொடங்கும்போது வரும் சின்ன வெடிப்பு ஆகியவற்றை அடையாளம் காட்டுவது உயர்ந்த அதிர்வுகள்தான். அவை மங்கினால், யாரோ பேசுகிறார் என்று தெரியும்; படமா, தடமா என்று தெரியாது.

சத்தம் கேட்கிறது, சொல் புரியவில்லை! இதுதான் மாஸ்க் செய்யும் வேடிக்கை.

கண்ணும் கேட்கும்!

"போங்க டீச்சர்! கண் எப்படிக் கேட்கும்?" என்கிறீர்களா? கேட்கும்!

1954-இல் சம்பி, போலாக் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். இரைச்சல் நடுவே சிலரைப் பேச்சைக் கேட்க வைத்தார்கள். பேசுபவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டவர்களுக்கு அதிகச் சொற்கள் புரிந்தன. இரைச்சல் கூடக் கூட, முகத்தைப் பார்ப்பதன் பயனும் கூடியது.

1976-இல் மெக்கர்க், மெக்டொனால்டு என்ற இருவர் இன்னும் வேடிக்கையான ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். ஒலிபெருக்கியில் 'பா' என்ற சத்தம் வருகிறது. திரையில் இருப்பவரின் வாயோ 'கா' என்று அசைகிறது. பார்ப்பவர்களுக்கு என்ன கேட்டது தெரியுமா? பாவும் இல்லை, காவும் இல்லை. பலருக்கும் 'டா' என்று கேட்டது! காது சொன்னதையும் கண் சொன்னதையும் மூளை ஒன்றாகக் கலந்து, தானாக ஒரு எழுத்தைச் செய்துவிட்டது. இதற்கு 'மெக்கர்க் விளைவு' என்று பெயர்.

ஆக, நாம் எல்லோருமே கொஞ்சம் கொஞ்சம் உதட்டைப் படிக்கிறோம். காது நன்றாகக் கேட்கும்போது அது நமக்குத் தெரிவதில்லை. காது சரியாகக் கேட்காதவர்களுக்கோ, உதடுதான் பெரிய துணை.

புதிரின் விடை

இப்போது கண்டுபிடித்திருப்பீர்களே!

மறுநாள் மதிய இடைவேளையில் அந்தச் சிறுமியை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனேன். ஆறடி தள்ளி நின்றுகொண்டு என் மாஸ்க்கைக் கழற்றினேன். புதிதாகப் பத்துச் சொற்கள் சொன்னேன். அவள் என் வாயையே பார்த்தாள். பத்தும் சரி!

"இப்போ அந்தப் பக்கம் திரும்பி நில்லு கண்ணு. நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லு, பார்ப்போம்."

"முகம்" என்றேன்.

"நகம்" என்றாள்.

"பட்டம்" என்றேன்.

"கட்டம்" என்றாள்.

இந்தத் தடவை என் முகத்தில் மாஸ்க் இல்லை. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. இரண்டாம் வகுப்பில் அவள் வாங்கிய பத்துக்குப் பத்தெல்லாம் என் உதட்டைப் பார்த்து வாங்கியது! அது எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. எல்லோருக்கும் இப்படித்தான் கேட்கும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய அம்மாவை வரச்சொல்லி விஷயத்தைச் சொன்னேன். "பின்னாலேருந்து கூப்பிட்டா திரும்பவே மாட்டா டீச்சர். விளையாட்டுப் புத்தி, வேணும்னே பண்றான்னு நானும் நாலு அடி போட்டிருக்கேன்" என்று சொல்லி அழுதுவிட்டார்.

அரசு மருத்துவமனையில் காதைச் சோதித்தார்கள். இரண்டு காதுகளிலும் உயர்ந்த அதிர்வுள்ள ஒலிகள் குறைவாகக் கேட்பது தெரிந்தது. மாஸ்க் திருடுகிற அதே ஒலிகள்! ஏற்கெனவே பாதி தொலைந்திருந்ததை மாஸ்க் இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொண்டது; உதட்டையும் மறைத்துவிட்டது. பாவம், அவள் எதை வைத்து எழுதுவாள்?

காது கேட்கும் கருவி பொருத்திய முதல் நாள், வேப்பமரத்தடியில் நின்று அவள் என்னிடம் கேட்டது இது: "டீச்சர், இலை உதுந்தா சத்தம் வருமா?" சருகுகள் தரையில் உரசும் சத்தத்தை அன்றுதான் அவள் கேட்டாள்.

எல்லோர் முன்னாலும் அவளைத் திட்டிய நான், எல்லோர் முன்னாலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். டீச்சர் தப்புச் செய்தால் டீச்சரும் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையா?

கண்ணாடி மாஸ்க் உதவுமா?

உதடு தெரிந்தால் போதுமே, வாய்க்கு நேரே பிளாஸ்டிக் வைத்து மாஸ்க் தைத்தால் என்ன? இப்படிப் பலர் யோசித்தார்கள். காது கேளாதோருக்காக 2020-இல் பல நாடுகளில் இப்படித் தைத்தார்கள். உதடும் சிரிப்பும் அழகாகத் தெரிந்தன.

ஆனால் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் அதே வருடம் பல வகை மாஸ்க்குகளை ஒப்பிட்டபோது ஒரு சங்கடம் தெரிந்தது. உயர்ந்த ஒலிகளை அதிகமாகத் தடுத்தவை இந்தப் பிளாஸ்டிக் மாஸ்க்குகள்தான்! காற்றே புகாத பிளாஸ்டிக்கில் ஒலியும் எளிதில் புகுவதில்லை. கண்ணுக்குக் கொடுப்பதைக் காதிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. அதே சோதனையில் நல்ல செய்தியும் கிடைத்தது. சட்டைக் காலரில் குத்திக்கொள்ளும் சின்ன மைக்கில், மாஸ்க்கால் வரும் குறை அதிகம் தெரியவில்லை.

பாடினால் என்ன ஆகும்?

மாஸ்க் போட்டால் சுருதி மாறுமா? மாறாது. சுருதி தொண்டையில் உள்ள குரல் நாண்களில் பிறக்கிறது. மாஸ்க் அதைத் தொடுவதே இல்லை. மாறுவது குரலின் பளபளப்புதான். பயிற்சி பெற்ற ஓபரா பாடகர்களின் குரலில் வினாடிக்குச் சுமார் 3,000 அதிர்வுள்ள பகுதி மிகவும் பலமாக இருக்கும். மைக் இல்லாமலே, பெரிய வாத்தியக் குழுவையும் மீறி அவர்கள் குரல் கேட்பதற்கு அதுதான் காரணம். மாஸ்க் மங்கவைப்பதும் அந்தப் பகுதியைத்தான்!

இன்னொரு தொல்லையும் உண்டு. பாடும்போது இரண்டு வரிகளுக்கு நடுவே சட்டென்று நிறையக் காற்றை இழுக்க வேண்டும். இழுத்தால் துணி வாயோடு வந்து ஒட்டிக்கொள்ளும். 'ஆ' என்று வாயை நன்றாகத் திறந்தால் தாடை கீழே இறங்கும்; மாஸ்க்கும் மூக்கிலிருந்து நழுவும். இதற்காகவே வாத்தின் அலகு போல முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பாடகர் மாஸ்க்குகளை அப்போது தயாரித்தார்கள். உள்ளே இடம் இருப்பதால் துணி உதட்டில் படாது. பார்க்கத்தான் சிரிப்பு வரும்!

இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் மாஸ்க் போட்டுப் பாட வேண்டும்? அதற்கும் காரணம் உண்டு. 2020 மார்ச் 10-ஆம் தேதி, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மவுன்ட் வெர்னான் என்ற ஊரில் ஒரு சேர்ந்திசைக் குழுவினர் 61 பேர் கூடிப் பாடிப் பழகினார்கள். இரண்டரை மணி நேரப் பயிற்சி. அவர்களில் ஒருவருக்கு ஏற்கெனவே சளி போன்ற தொந்தரவு இருந்தது. அது கொரோனா என்று யாருக்கும் தெரியாது. மொத்தம் 53 பேருக்கு நோய் வந்ததாகப் பிறகு கணக்கிட்டார்கள். இரண்டு பேர் இறந்துபோனார்கள்.

நாம் பேசும்போதும் பாடும்போதும் கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளிகள் வாயிலிருந்து வருகின்றன. குரலை உயர்த்த உயர்த்த அவையும் கூடும் என்பதை 2019-இலேயே கலிபோர்னியா ஆய்வாளர்கள் காட்டியிருந்தார்கள். சத்தமாகப் பாடினால் துளியும் அதிகம். அவற்றைத்தான் மாஸ்க் பிடித்து நிறுத்துகிறது. எனவே மாஸ்க் நமக்கு எதிரி இல்லை, குழந்தைகளே! துளியைப் பிடிக்கும்போது கொஞ்சம் எழுத்தையும் சேர்த்துப் பிடித்துவிடுகிறது, அவ்வளவுதான்.

கத்தினால் தீருமா?

மாஸ்க் போட்டதும் நானும் கத்தித்தான் பாடம் நடத்தினேன். ஒரே வாரத்தில் தொண்டை கட்டிக்கொண்டது! இரைச்சலில் மனிதர்கள் தங்களை அறியாமலே குரலை உயர்த்துகிறார்கள் என்று எத்தியன் லம்பார்டு என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-இல் எழுதினார். எதிரே இருப்பவருக்குக் கேட்கவில்லையோ என்று தோன்றும்போதும் நாம் அப்படித்தான் செய்கிறோம்.

கத்தும்போது உயிரெழுத்துகள்தான் பெரிதாகின்றன. தொலைந்துபோன 'ப'வும் 'ஸ்'ஸும் பெரிதாகத் திரும்பி வருவதில்லை. கத்துவதைவிட நிதானமாகப் பேசுவதே பலன் தரும்.

ஆஸ்பத்திரியில், தூசியில், சளி பிடித்த நாட்களில் இன்றும் மாஸ்க் தேவைப்படுகிறது. அப்போது இவற்றை நினைவில் வையுங்கள்:

* பேசும் முன் எதிரே இருப்பவர் நம்மைப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள்.

* சொற்களை ஒன்றோடொன்று ஒட்டாமல் நிறுத்தி நிதானமாகப் பேசுங்கள்.

* டி.வி. ஓடினால் சத்தத்தைக் குறையுங்கள்.

* ஒரு சொல் புரியவில்லை என்றால் அதையே திரும்பத் திரும்பச் சொல்லாமல் வேறு மாதிரி சொல்லுங்கள். 'மாடு' புரியாவிட்டால், 'பால் கறக்குமே, அந்த மாடு' என்று சொல்லுங்கள்.

* கையையும் கண்ணையும் பயன்படுத்துங்கள். வந்தது 'பத்து' ரூபாயா, 'எட்டு' ரூபாயா என்று விரலால் காட்டிவிடலாம்.

செய்து பாருங்கள்!

1. ஊமை விளையாட்டு: நண்பர் எதிரே உட்கார்ந்து, சத்தமே இல்லாமல் மாடு, நாடு, வீடு என்று வாயை மட்டும் அசையுங்கள். எந்தச் சொல் என்று அவர் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு கல், நெல், எள் என்று முயலுங்கள். எது கடினம்? ஏன்?

2. காகித நாடா: விரல் அகலத்தில் மெல்லிய காகிதத்தைக் கத்தரித்து வாய்க்கு முன்னால் தொங்கவிடுங்கள். 'ப' என்று அழுத்திச் சொன்னால் காகிதம் அசையும். 'ம' சொன்னால்? மாஸ்க் போட்டுக்கொண்டு மறுபடியும் சொல்லிப் பாருங்கள்.

3. வானொலிப் பெட்டி: வீட்டில் ரேடியோவில் செய்தி ஓடும்போது ஒலிபெருக்கியின் மேல் ஒரு தலையணையை வையுங்கள். எந்த எழுத்துகள் முதலில் மறைகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் வகுப்பிலும் ஒரு பையனோ பெண்ணோ அடிக்கடி "என்ன? என்ன?" என்று கேட்கலாம். கூப்பிட்டால் திரும்பாமல் இருக்கலாம். பேசுபவரின் வாயையே உற்றுப் பார்க்கலாம். 'செவிடு' என்றோ 'மக்கு' என்றோ கேலி செய்யாதீர்கள். முகத்தைப் பார்த்து இன்னொரு முறை சொல்லுங்கள். உங்கள் டீச்சரிடம் போய் மெதுவாக விஷயத்தைச் சொல்லுங்கள். உங்களுக்கே அப்படி இருந்தால் அம்மா, அப்பாவிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

என் மாணவி இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். சென்ற மாதம் என்னைப் பார்க்க வந்திருந்தாள். நான் அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு காபி கலந்துகொண்டிருந்தேன். "சர்க்கரை போதுமா?" என்றேன், திரும்பாமலே.

"போதும் டீச்சர்!" என்று பதில் வந்தது.

அதைவிட இனிப்பான சொல்லை நான் கேட்டதே இல்லை!